பெலிகாட்டும் பழவேற்காடும்

மலேசியாவில், அந்தி வேளையில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண்மகன், கால்சட்டையைக் களைந்துவிட்டு இடுப்பில் கட்டம் போட்ட துணி ஒன்றைச் சுற்றிக்கொள்கிறான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் அதையே உடுத்திச் செல்வோர் பலர். அந்தத் துணிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலிகாட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிகாட் என்றால் என்ன? அது ஓர் ஊரின் பெயர். அந்த ஊர் மலேசியாவில் இல்லை. நம்முடைய திருவள்ளூர் ஜில்லாவில், பொன்னேரி தாலுகாவில், ஏரியும் கடலும் கைகோத்து நிற்கும் இடத்தில் இருக்கும் பழவேற்காடுதான் அது!

பழவேற்காடு என்றால் நமக்குப் படகு ஞாபகம் வரும். இறால் ஞாபகம் வரும். குளிர்காலத்தில் வந்து ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூநாரைகள் ஞாபகம் வரும். துணி ஞாபகம் வருமா? பெரும்பாலும் வராது. ஊரார் மறந்துவிட்ட பெயரை அயலார் இடுப்பில் கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள்.

இவ்வாரம் இந்தத் துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச எண்ணுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. சில காலமாகவே உலகின் பல பகுதிகளில் சிற்பிகளும் சித்திரக்காரர்களும் ஒரு புதுமையான காரியத்தில் இறங்கியிருக்கிறார்கள். தங்கள் முன்னோர் உடுத்திய உடையை முன்னால் வைத்துக்கொண்டு, "இது எங்கிருந்து வந்தது? யார் கொண்டு வந்தார்கள்? என்ன விலை கொடுத்தார்கள்? இதை உடுத்திய நாங்கள் யார்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால், பல சமயங்களில் அது நம்முடைய சோழமண்டலக் கரையில் வந்து முடிகிறது. அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பாதி விடை நம்மிடம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதே இன்றைய விஷயம்.

*

பழவேற்காடு நேற்று முளைத்த ஊரன்று. பிரளயகாவேரி என்பது அதன் பழம் பெயர்களில் ஒன்று. விஜயநகர மன்னர் காலத்தில் அது புகழ் பெற்ற துறைமுகம். 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரைகளை விவரித்து எழுதிய துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துகீசியர், இவ்வூரின் வர்ணத் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்திராவுக்கும் போவதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1610-ல் டச்சுக்காரர் இங்கே வியாபாரம் செய்ய அனுமதி பெற்றனர். 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டை எழுந்தது. ஹாலந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக இட்ட பெயர் அது. 1690-ஐ ஒட்டித் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில், இந்தக் கரை முழுவதிலும் டச்சுக் கம்பெனி நடத்திய வியாபாரத்துக்குப் பழவேற்காடே தலைநகரம்.

அவர்களுக்கு வேண்டியிருந்தவை கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த கீழைத் தீவுகளின் ஜனங்களோ நம் துணியை விரும்பினார்கள். ஆகையால் வெள்ளியும் பொன்னும் கொடுத்து இங்கே துணி வாங்குவது. அந்தத் துணியைக் கொடுத்து அங்கே வாசனைத் திரவியம் வாங்குவது. அதை ஐரோப்பாவில் விற்றுப் பணமாக்குவது. இந்த வியாபாரச் சக்கரத்துக்கு அச்சாணியாக இருந்தது நம் நெசவாளியின் தறி.

தறியோடு கலமும் சேர்ந்து கொண்டது. சாயம் தோய்த்த நூலால் நெய்த கட்டத் துணி ஒரு வகை. வெள்ளைத் துணியில் கலத்தால் வரைந்து சாயமேற்றிய சித்திரத் துணி மற்றொரு வகை. சித்திரத் துணி செய்வது லேசான காரியமன்று. முதலில் துணியைக் கடுக்காய் ஊறிய எருமைப் பாலில் தோய்த்து உலர்த்துவார்கள். கறுப்புக் கோட்டை இரும்புக் காடியாலும், சிவப்பாக வேண்டிய இடத்தைப் படிகார நீராலும் வரைவார்கள். பிறகு இம்பூறல் என்னும் சாயவேர் போட்டுக் காய்ச்சிய சாயத்தில் துணியை வேகவைத்தால், படிகாரம் பட்ட இடம் மாத்திரம் சிவக்கும். நீலம் வேண்டுமானால், நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி மறைத்துவிட்டு அவுரித் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அப்புறம் மெழுகை நீக்கி, வெளுத்து, மறுபடி வரைந்து, மறுபடி தோய்த்து, ஒரு துணி முடிய வாரங்கள் பல ஆகும். இப்படி ஏறிய வர்ணம், துவைக்கத் துவைக்க மங்குவதற்குப் பதிலாகப் பொலிவு பெற்றது. ஐரோப்பியரை மயக்கியது இந்த ஜாலந்தான். 1742-ல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த வித்தையைச் சாயக்காரரிடம் கேட்டறிந்து, ஒன்று விடாமல் தம் தேசத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். அவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. சொல்லிக் கொடுத்த சாயக்காரரின் பெயர் நிற்கவில்லை.

இந்தப் பெருமையை எழுதும் அதே பேனாவால் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பலேறியது துணி மாத்திரமன்று. மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 17-ம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் இக்கரையை வாட்டிய காலங்களில், அடிமைகளாக விலைபோன ஆயிரக்கணக்கானவர்களை டச்சுக் கம்பெனி பத்தாவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் கொண்டு சென்றது. ஒரே துறை, ஒரே கம்பெனி, ஒரே கணக்குப் புத்தகம். ஒரு பக்கத்தில் துணிக்கட்டு, மறுபக்கத்தில் தலைக்கணக்கு. இதை மறந்துவிட்டு அந்தக் கால வியாபாரத்தின் சிறப்பைப் பாடுவது, பாதிக் கணக்கைக் கிழித்துவிட்டு மீதியைப் படிப்பதாகும்.

*

இனி, போன துணி என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

ஹாலந்து தேசத்தின் வடபகுதியில் பிரீஸ்லாந்து என்றொரு மாகாணம் உண்டு. அங்கே கடலோரமாக இருந்த ஹிண்டலோப்பன் என்ற சிற்றூரின் ஆடவர்கள் மாலுமிகள். அவர்கள் ஆம்ஸ்டர்டாம் சந்தையில் வாங்கி வந்த இந்தியச் சித்திரத் துணியால், அவ்வூர்ப் பெண்கள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீண்ட மேலங்கி தைத்து அணிந்தார்கள். 'வெண்ட்கே' என்று அதற்குப் பெயர். சிவப்புப் பூக்கள் நிறைந்தது விசேஷ நாளுக்கு. நீலமும் வெள்ளையும் கலந்தது துக்க நாளுக்கு. கட்டம் போட்ட பருத்தித் துணியும் டச்சு உடைகளில் புகுந்தது. 'கிழக்கிந்திய வண்ணத் துணி' என்றே இன்றும் அந்தத் தேசத்தில் அதற்குப் பெயர். பிரான்ஸ் 1686-லும், இங்கிலாந்து 1701-லும் பின்னர் 1721-லும், உள்நாட்டு நெசவைக் காப்பதற்காக இந்தியத் துணிக்குத் தடை விதித்தன. ஹாலந்து அத்தகைய தடை விதிக்கவில்லை. ஆகையால் அங்கே அது வேரூன்றிவிட்டது.

வேடிக்கையைப் பாருங்கள். பாலும் வெண்ணெயும் பனிக்காற்றும் நிறைந்த அந்த ஊரில், "எங்கள் பாட்டியின் பாரம்பரிய உடை" என்று பெட்டியில் வைத்துக் காத்தது நம் கரைச் சாயவேரின் சிவப்பை, அவுரியின் நீலத்தை. ஒரு பெண் துக்கத்தில் இருக்கிறாளா, சந்தோஷத்தில் இருக்கிறாளா என்பதை ஊருக்கு அறிவித்தது, சோழமண்டலத்துச் சாயத்தொட்டியில் முக்கிய துணி. 2017-ல் அம்மாகாணத் தலைநகரான லேவார்டனிலுள்ள பிரீஸ்லாந்து மியூசியம், இத்துணிகளுக்கென்றே பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. பல தலைமுறையாகப் பெண்கள் மடித்து வைத்துப் பாதுகாத்ததனால் அல்லவா மியூசியத்துக்குக் கிடைத்தது!

கீழ்த்திசையிலும் இதே கதைதான். ஸெலிபிஸ் என்று முன்பு அழைக்கப்பட்ட சுலவேசித் தீவில் தொராஜர் என்னும் மலைவாசிகள், நம் கரையிலிருந்து போன துணிகளைக் குலதனமாக வைத்துப் போற்றினார்கள். அவர்களுக்கு அது உடையன்று. தெய்வத் தன்மை பொருந்திய பொருள். சடங்கு நாட்களில் மாத்திரம் வெளியே எடுப்பார்கள். சோழமண்டலத்தில் செய்த பழந்துணிகளில் பல, சோழமண்டலத்தில் அழிந்து போய், அந்தத் தீவுகளில் பிழைத்திருக்கின்றன.

*

மேற்கே போன துணியின் கதை இவ்வளவு இனிமையானதன்று. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மனிதரை வாங்கிய ஐரோப்பிய வியாபாரிகள், விலையாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கியமான இடம் உண்டு. நம் கரையில் நெய்த துணி, அந்தக் கரையில் ஒரு தாயின் மகனுக்கு விலையாயிற்று. நெய்தவனுக்கு அது தெரியாது. தெரியாதென்பதால் சரித்திரத்திலிருந்து அது மறைந்துவிடாது.

அப்படி விலைபோனவர்கள் சேர்ந்த இடம் மேற்கிந்தியத் தீவுகளும் அமெரிக்காவும். அங்கேயும் நம் துணி அவர்களைத் தொடர்ந்து போயிற்று. 1786-ல், அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கவர்னர் மிரோ ஓர் உத்தரவு போட்டார். அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் பெண்கள் சிகையலங்காரம் செய்துகொண்டு செருக்கோடு உலவக் கூடாது. தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பெண்கள் கீழ்ப்படிந்தார்கள். எப்படித் தெரியுமா? கண்ணைப் பறிக்கும் வர்ணத்தில் துணிகளைத் தேடி எடுத்து, கிரீடம்போல் தலையில் கட்டிக்கொண்டார்கள்! அவமானத்துக்கென்று போட்ட உத்தரவு அலங்காரமாக முடிந்தது. அத்தலைப்பாகைக்கு விருப்பமாக அமைந்த துணிகளில் சென்னைக் கட்டத் துணியும் ஒன்று.

மார்த்தினிக், குவாதலூப், ஸெயின்ட் லூசியா, டொமினிகா ஆகிய தீவுகளில் அந்தத் துணிக்கு இன்றும் 'மத்ராஸ்' என்றே பெயர். திருவிழா நாட்களில் பெண்கள் அணியும் தேசிய உடை அதனால் ஆனது. தலைத்துணியில் எத்தனை முனை நிமிர்ந்து நிற்கிறது என்பதைக் கொண்டு அவள் கன்னியா, நிச்சயமானவளா, மணமானவளா என்று அறியலாம் என்பது அத்தீவுகளில் வழங்கும் பேச்சு. 1853-க்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக்கில் போய் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்பே அவர்களுடைய கரையில் நெய்த துணி அங்கே குடியேறி, வேறொரு ஜனத்தின் குலச்சின்னமாகவும் ஆகிவிட்டிருந்தது.

இவற்றுள் எல்லாம் அதிசயமானது நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலபாரி ஜனங்களின் செய்கை. நம் கட்டத் துணிக்கு அவர்கள் இட்ட பெயர் 'இஞ்சிரி'. வாங்கிய துணியை அப்படியே உடுத்துவது அவர்களுக்குத் திருப்தி அளிக்கவில்லை. பெண்கள் கையில் ஊசியும் கத்திமுனையும் எடுத்துக்கொண்டு, நெய்த துணியின் சில இழைகளை மாத்திரம் தூக்கி, வெட்டி, உருவி எடுத்துவிடுவார்கள். எஞ்சிய இழைகளிலிருந்து ஒரு புதிய கோலம் பிறக்கும். இதற்கு 'பெலெட்டே பிட்டே' என்று பெயர். வெட்டிய துணி என்று பொருள். நாம் துணியை அலங்கரிக்க நூலைச் சேர்ப்போம், பூவேலை செய்வோம், ஜரிகை வைப்போம். அவர்கள் நூலை நீக்கி அலங்கரித்தார்கள். பழைய கட்டம் பின்னால் தெரிந்துகொண்டேயிருக்கும். ஆனால் துணி இனி சென்னைத் துணியன்று, கலபாரித் துணி.

கலபாரிக் குடும்பங்களில் துணிப்பெட்டி என்பது பெருஞ்சொத்து. வீட்டில் முதியவர் ஒருவர் காலமானால், பெட்டியைத் திறந்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த துணிகளால் கட்டிலையும் அறையையும் அலங்கரிப்பார்கள். எவ்வளவு துணி, எவ்வகைத் துணி என்பதிலிருந்தே அந்தக் குடும்பத்தின் கௌரவம் ஊருக்குத் தெரியும். எரெகோசிமா என்ற கலபாரி அறிஞரும் ஜோவான் ஐக்கர் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் 1981-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, அயலாரின் பொருளை ஒரு ஜனம் எப்படித் தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிறது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாக இருந்து வருகிறது. பொருளைத் தேர்ந்தெடுப்பது, அதற்குத் தன் மொழியில் பெயரிடுவது, குடும்ப வாழ்க்கையில் இடங்கொடுப்பது, கடைசியில் அதன் உருவத்தையே மாற்றுவது என்று நான்கு படிகளை அவர்கள் காட்டினார்கள்.

*

அந்தக் கலபாரி நாட்டின் புகுமா என்ற ஊரில் 1958-ல் பிறந்தவர் ஸொகாரி டக்ளஸ் காம்ப் என்னும் பெண்மணி. லண்டனில் வாழும் சிற்பி. அவர் கையாளும் பொருள் கல்லன்று, களிமண்ணன்று, உருக்கு. முரட்டு உருக்குத் தகட்டைத் துளையிட்டு, வெட்டி, வளைத்து, பற்றவைத்து, தம் ஊர்ப் பெண்களின் உடையையும் தலைத்துணியையும் உருவாக்குகிறார். உருவி எடுப்பதனால் கோலம் பிறக்கும் அந்தப் பழைய வித்தையைத் துளையிட்ட தகட்டைக் காணும்போது நினையாமல் இருக்க முடியாது.

அவர் 2015-ல் செய்த சிற்பம் ஒன்று, ஆங்கிலக் கவியும் சித்திரக்காரருமான வில்லியம் பிளேக் செதுக்கிய படத்தை ஆதாரமாகக் கொண்டது. சூரினாம் என்ற டச்சுக் குடியேற்ற நாட்டின் அடிமை வாழ்வை விவரித்து 1796-ல் வெளியான புத்தகத்துக்காகச் செய்த படம் அது. ஐரோப்பா என்னும் பெண்ணை ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்னும் இரண்டு பெண்கள் இருபுறமும் தாங்கி நிற்கிறார்கள். பிளேக்கின் படத்தில் மூவரும் ஆடையின்றி நிற்கிறார்கள். ஸொகாரி அவர்களுக்கு உடை அணிவித்தார். கையில் இருந்த மாலைக்குப் பதிலாகப் பெட்ரோல் ஊற்றும் குழாயைக் கொடுத்தார். அவர் பிறந்த கழிமுகத்தை இன்று வாட்டுவது எண்ணெய் அல்லவா? ஓர் உடையை அணிவித்ததனால் படத்தின் பொருளே மாறிப்போயிற்று. தாங்கி நிற்கும் பெண்கள் இப்போது வெறும் உருவகங்கள் அல்லர். குடும்பமும் ஊரும் உள்ள மனுஷிகள்.

லண்டனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்த யிங்கா ஷோனிபாரே வேறு வழியில் போகிறார். மேற்கு ஆப்பிரிக்காவின் பாரம்பரியத் துணி என்று உலகம் கருதுவது, உண்மையில் ஜாவாவின் பாத்திக் துணியைப் பார்த்து ஹாலந்தின் யந்திரசாலைகள் செய்து ஆப்பிரிக்காவில் விற்ற துணி. இந்தச் செய்தி தெரிந்தவுடன் அவர் அந்தத் துணியையே தம் கலைக்குப் பொருளாகக் கொண்டார். கெயின்ஸ்பரோ என்ற ஆங்கில ஓவியர் வரைந்த ஆண்ட்ரூஸ் என்னும் நிலப்பிரபு தம்பதிகளின் படம் மிகப் பிரசித்தமானது. 1998-ல் ஷோனிபாரே அந்தத் தம்பதிகளைப் பொம்மைகளாகச் செய்து, அவர்களுக்கு இந்த 'ஆப்பிரிக்க'த் துணியைச் சட்டையாகவும் பாவாடையாகவும் தைத்துப் போட்டு, தலை இல்லாமல் நிறுத்தி வைத்தார். குடும்பப் படம் என்பது பரம்பரைச் செல்வத்தின் விளம்பரம். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதைத் துணி சொல்கிறது. மறைத்து வைத்த தலை சொல்லாது.

நம் தேசத்திலும் இத்தகைய முயற்சி இல்லாமல் இல்லை. வடோதராவில் வாழும் லாவண்யா மணி என்ற ஓவியர், கலம்காரி முறையையும் இயற்கைச் சாயங்களையுமே தம் சாதனமாகக் கொண்டு, ஐரோப்பிய யாத்திரிகர்களின் கதைகளையும் குடியேற்ற வியாபாரத்தையும் பருத்தித் துணிமீது தீட்டி வருகிறார். எந்த வித்தையைக் கேர்தூ பாதிரியார் எழுதி அனுப்பினாரோ, அந்த வித்தையினாலேயே அந்தக் காலத்தை விசாரிப்பது மிகவும் பொருத்தமன்றோ?

*

இத்தனையும் கேட்டபின் இரண்டு விதமான எண்ணங்கள் நம் மனத்தில் எழக்கூடும். ஒன்று, "பார்த்தீர்களா, நம் துணி உலகத்தையே கட்டி ஆண்டது!" என்ற பெருமிதம். மற்றொன்று, "நம் துணியைக் கொண்டுபோய்த் தங்களுடையது என்கிறார்களே!" என்ற ஆதங்கம். இரண்டும் சரியல்ல என்பது நம் அபிப்பிராயம்.

துணி உலகை ஆண்டது உண்மையானால், நெய்தவர் குடிசையில் ஏன் இருந்தார்? கம்பெனி தரகருக்கு முன்பணம் கொடுத்தது. தரகர் நெசவாளிக்குக் கொடுத்தார். முன்பணம் வாங்கியவன் தறியோடு கட்டுண்டான். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில், எலும்புக்கூடு செதுக்கிய வாயிலைக் கடந்து உள்ளே போனால், கம்பெனி உத்தியோகஸ்தர்களின் பெயரும் பிறந்த தேதியும் குலச்சின்னமும் பொறித்த கற்களைக் காணலாம். தொல்பொருள் இலாகா அவற்றைக் காத்து வருகிறது, காக்க வேண்டியதுதான். ஆனால் அந்த உத்தியோகஸ்தர்களைச் செல்வராக்கிய கைகளுக்கு அந்த ஊரில் ஒரு கல்லும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்ற ஒரே கல்வெட்டு மலாய்க்காரரின் நாவில் இருக்கும் 'பெலிகாட்' என்ற சொல்தான்.

தங்களுடையது என்று அவர்கள் சொல்வதும் தவறன்று. கலபாரிப் பெண் இழையை உருவிய பொழுதே அத்துணி அவளுடையதாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் பெண் தலையில் கட்டிய பொழுதே அது அவளுடைய தன்மானமாயிற்று. பிறந்த இடத்துக்கு மாத்திரம் உரியது என்று எந்தத் துணிக்கும் பட்டா எழுதிக் கொடுக்க முடியாது. காப்பாற்றினவர்களுக்கு அதன்மேல் உரிமை உண்டு. நாம் வெட்கப்பட வேண்டுமானால், அவர்கள் காப்பாற்றியதற்காக அல்ல, நாம் காப்பாற்றாததற்காகவே.

இத்தேசத்தில் துணியின் பொருளை அறியாதவர் யார்? 1921-ல் மதுரையில் காந்தியடிகள் அரைத்துணி பூண்ட நாள் முதல், உடுத்துவது ஒரு தேசத்தின் மனச்சாட்சியைக் காட்டும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் கட்டம் போட்ட கைலியை அந்தக் கண்ணோடு நாம் பார்த்ததில்லை. அதைத் தாழ்ந்த உடையாகவே கருதிவிட்டோம். லுங்கி உடுத்தியவருக்கு அனுமதி இல்லை என்று சொல்லும் இடங்களும் நம் நாட்டில் உண்டு. அயல்நாட்டில் தொழுகைக்கு உரியது, நம் நாட்டில் வாசலைத் தாண்ட யோக்கியதை அற்றது!

பழவேற்காட்டிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. இரும்பாலைகளின் புகைக்கடியில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகள் தோளில் கட்டம் போட்ட 'கம்சா'வைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அதே ஊரில் பல்லாண்டுகளாக இருந்து வரும் இலங்கைத் தமிழர் முகாமில், லுங்கிக்குச் 'சாரம்' என்று பெயர். நாம் கைலி என்கிறோம். சென்னையில் லுங்கி என்கிறார்கள். கடல் கடந்து வந்தவர்கள் சாரம் என்கிறார்கள். மலாய்க்காரர் பெலிகாட் என்கிறார். ஒரு துணிக்குள் இத்தனை பிரயாணம், இத்தனை பிரிவு. நம் சித்திரக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன விஷயம் வேண்டும்? 1850-ல் தோன்றிய சென்னைக் கவின்கலைக் கல்லூரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே இருப்பது சுமார் 60 கிலோமீட்டர் தூரந்தான்.

நெசவின் நிலைமையும் சொல்லத்தக்கதே. 1985-ம் வருஷத்துச் சட்டம், கைத்தறிக்கென்று ஒதுக்கிய துணிகளில் லுங்கியையும் சேர்த்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஜில்லாவின் மேற்குப் பகுதியில் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்களில் தறிச்சத்தம் இன்னும் கேட்கிறது. ஆனால் எந்தத் துணியை யார் நெய்தார், எந்தக் கட்டத்துக்கு என்ன பெயர், எந்த நாட்டுக்குப் போயிற்று என்பதை முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டிய காலம் இதுதான். முதியவர் போனால் பெயரும் போய்விடும்.

கடைசியாக, இது வீட்டுக்குள் செய்ய வேண்டிய காரியமும் ஆகும். நம் வீடுகளில் துணி வீணாவதில்லை. கூறைப்புடவை பழசானால் குழந்தைக்குத் தூளி. தூளி நைந்தால் போர்வைக்கு உள்துணி. அதுவும் போனால் அடுப்படியில் கரித்துணி. கைலிக்கும் அதே கதி. இது சிக்கனம், ஒருவகையில் அன்பும்கூட. கடைசி இழை வரையில் துணி குடும்பத்துக்கே உழைக்கிறது. ஆனால் துணியோடு அதன் கதையும் கரியாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. பெட்டியின் அடியில் கிடக்கும் பழந்துணிகளில் ஒன்றிரண்டையாவது வீட்டுப் பெண்மணிகள் தனியே எடுத்து வைக்கட்டும். ஒரு வெள்ளை நாடாவில், யாருடையது, எந்த வருஷம், எந்த ஊரில் வாங்கியது, என்ன விலை, எந்தச் சந்தர்ப்பத்தில் உடுத்தியது என்று எழுதி ஓரத்தில் தைத்து வைக்கட்டும். நெய்தவர் பெயர் தெரிந்தால், அதை முதலில் எழுதட்டும்.

ஹிண்டலோப்பன் பாட்டிகளும் கலபாரிப் பாட்டிகளும் இதற்கு மேல் ஒன்றும் செய்துவிடவில்லை. மடித்து வைத்தார்கள், யாருடையது என்று பேத்திக்குச் சொன்னார்கள். அந்தப் பேத்திகளில் ஒருத்தி சிற்பியானாள்.